லோஷத், ஓலாக், ரூமாக்: துருக்கியரின் குதிரைச் சொற்கள் அண்டை வீடுகளில்

செவ்வந்திக்காடு

ரஷ்ய மொழியில் குதிரைக்கு இரண்டு பெயர்கள்: கோன், லோஷத். கோன் ஸ்லாவியர்களின் சொந்தச் சொல். லோஷத் இரவல் என்றும், 'அலாஷா' என்ற துருக்கியச் சொல்லே அதற்கு மூலம் என்றும் அகராதிகள் சொல்கின்றன. இன்றைய அன்றாட ரஷ்யப் பேச்சில் குதிரை என்றால் அந்த இரவல் சொல்தான். கோன் கவிதைக்கும் குதிரைப் படைக்கும் சதுரங்கப் பலகைக்கும் ஒதுங்கிவிட்டது.

கையில் சொந்தச் சொல் இருக்கும்போது இரவல் எதற்கு? "குதிரையையே துருக்கியரிடம்தான் வாங்கியிருப்பார்கள், பெயரும் கூடவே வந்திருக்கும்" என்று நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நிகண்டுப்பித்தன்

ஒப்பாமல் போனது நல்லது. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியிலிருந்து கி.மு. 2200 வாக்கில் பரவத் தொடங்கின என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. துருக்கிய மொழிக்கு நம்மிடம் உள்ள பெரிய பழைய சான்றுகள் மங்கோலியாவின் ஓர்கோன் கல்வெட்டுகள், அவை கி.பி. 8ஆம் நூற்றாண்டு. இடையில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள். ஸ்லாவியர்கள் குதிரையை அறிந்துகொள்ளத் துருக்கியர் வரும்வரை காத்திருக்கவில்லை. கோன், பெண்குதிரைக்குக் கோபிலா என்று பழைய சொற்கள் அவர்களிடம் இருந்தன.

அப்படியானால் லோஷத் எதற்கு வந்தது? அது முதன்முதலில் தலைகாட்டும் இடத்தைப் பாருங்கள். பழைய ரஷ்ய நாளாகமத்தில் 1103ஆம் ஆண்டுக் குறிப்பு. கீவ் நகருக்கு அருகே தோலோப்ஸ்க் என்ற இடத்தில் ஸ்வியாத்தபோல்க், விளாதிமிர் மோனமாக் என்ற இரண்டு இளவரசர்களும் தங்கள் வீரர்களோடு ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து ஆலோசிக்கிறார்கள். புல்வெளியில் இருக்கும் பொலோவெத்ஸ் கூட்டத்தார்மேல் வசந்த காலத்திலேயே படையெடுக்கலாமா என்பது கேள்வி. வீரர்கள் தயங்குகிறார்கள்: உழவு நேரம், குடியானவர்களின் குதிரைகளைப் பிடுங்கினால் உழவு கெடும். மோனமாக் சீறுகிறார். உழுகிற குதிரைக்கு இரங்குகிறீர்களே, அந்தக் குடியானவன் ஏரைப் பூட்டியதும் பொலோவெத்ஸ்காரன் வந்து அவனை அம்பால் அடித்துவிட்டு அதே குதிரையை ஓட்டிக்கொண்டு போவானே, ஊருக்குள் புகுந்து மனைவி மக்களையும் கொண்டுபோவானே, குதிரைமேல் இரக்கம், அவன்மேல் இல்லையா என்கிறார்.

இந்தப் பேச்சு முழுவதும் வருகிற சொல் லோஷத். ஏரில் பூட்டும் குதிரை. இளவரசர்கள் ஏறுவது கோன். சொந்தச் சொல் போர்வீரனோடு நின்றது, இரவல் சொல் குடியானவனின் கொட்டிலுக்குப் போனது. பொலோவெத்ஸ் என்பவர்கள் கிப்சாக் துருக்கியர் என்பதையும் சேர்த்து நினையுங்கள். துருக்கியரோடு சண்டைக்குப் போக வேண்டும் என்று வாதாடுகிறவர் வாயிலேயே துருக்கியச் சொல் புழங்குகிறது.

ஐயவாதி

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நாளாகமம் நமக்குக் கிடைப்பது பிற்காலப் படிகளில். லாரன்சியப் படி 1377ஆம் ஆண்டினது. படியெடுத்த துறவி தன் காலத்துச் சொல்லை எழுதி வைத்திருந்தால்?

இன்னொன்று. 'அலாஷா'வில் கடைசியில் 'த்' கிடையாது. லோஷத்துக்கு அந்த மெய் எங்கிருந்து முளைத்தது?

நிகண்டுப்பித்தன்

ஐயவாதி, படிகளைப் பற்றிய சந்தேகம் நியாயம். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் இப்பாத்தியப் படியிலும் அந்த இடத்தில் இதே சொல். இரண்டு படிகளிலும் இருப்பதால், ஒரு துறவியின் கைத்தவறு என்று தள்ள முடியவில்லை.

கடைசி மெய்க்கு விடை உக்ரைனில் இருக்கிறது. அங்கே 'லோஷா' என்றால் குதிரைக்குட்டி. வேற்றுமை உருபு ஏற்கும்போது 'லோஷாத்தி' என்று 'த்' வெளிப்படும். விலங்குக் குட்டிகளின் பெயர்களுக்கு ஸ்லாவிய மொழிகளில் இப்படி ஒரு பழைய வாய்பாடு உண்டு. அலாஷாவின் முதல் உயிர் உதிர்ந்து அந்த வாய்பாட்டில் விழுந்தது. ரஷ்யத்தில் 'செல்யாத்' (வேலையாட்கள் கூட்டம்) போன்ற கூட்டப் பெயர்களைப் பார்த்து அந்த மெய் மெலிந்து நின்றுவிட்டது என்பது ஒரு விளக்கம். கழுதைத் தாய்க்கும் குதிரைத் தந்தைக்கும் பிறந்த கலப்பினத்துக்கு ரஷ்யத்தில் 'லோஷாக்'. ஒரே சொல் ஓரிடத்தில் குதிரை, ஓரிடத்தில் குட்டி, ஓரிடத்தில் கலப்பினம்.

கசான் மாணவி

வணக்கம் ஐயா. ரஷ்யாவின் கசான் நகரில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் விடுதிக் காவலாளி தாத்தார் இனத்தவர். அவரிடம் கேட்டேன். தாத்தார் மொழியில் பொதுவாகக் குதிரைக்கு 'ஆத்' என்பார்கள், பொலிகுதிரைக்கு 'ஐகிர்', பெண்குதிரைக்கு 'பியா'. 'அலாஷா' என்றால் விதையடித்த குதிரை, வண்டியிழுக்கிற சாது என்று சொன்னார். வோல்காவின் எதிர்க்கரையில் இருக்கும் சுவாஷ் மக்களுக்கு 'லாஷா' என்பதே குதிரைக்குப் பொதுப்பெயர்.

விதைப்பு முடிந்ததும் ஜூன் மாதத்தில் இங்கே சபன்துய் திருவிழா நடக்கும். குதிரைப் பந்தயம்தான் அதன் உச்சம். போன முறை ஒலிபெருக்கியில் அறிவித்தவர் ரஷ்யத்தில்தான் பேசினார், ஆனால் ஓடுகிற குதிரைகளின் நிறத்தைச் சொல்லும்போது பக்கத்தில் நின்ற தாத்தார் கிழவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். புலானி, சாலி, காவுரி, சுபாரி, காரி. எல்லாம் அவர்கள் சொற்கள். சாலி என்பது நரையோடியது, சுபாரி புள்ளி விழுந்தது, காவுரி செம்பழுப்பு, புலானி வெளிர்மஞ்சள் உடலும் கரிய பிடரியும், காரி கரும்பழுப்பு. ரஷ்ய நாட்டுப்புறக் கதையில் வரும் மாயக் குதிரையை 'சிவ்கா, பூர்க்கா, காவுர்க்கா' என்று கூப்பிடுவார்களே, அதில் சிவ்கா மட்டும் சுத்த ஸ்லாவியம். காவுர்க்கா துருக்கிய 'கோஙுர்', அதாவது பழுப்பு.

முல்லைத்திணை

காரி! நம் மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றுதானே பெயர்? 'காரிக் குதிரைக் காரி' என்று சங்கப் பாட்டிலேயே வருகிறது. கருப்பு என்பதுதான் இரண்டுக்கும் பொருள். இதை யாராவது கவனித்தார்களா?

ஐயவாதி

கவனித்தோம், கடந்தும் போனோம். ரஷ்யக் 'காரி'யின் பின்னால் இருப்பது துருக்கிய 'கரா'. மங்கோலியத்தில் 'கர'. ஜப்பானியத்தில் கருப்புக்கு 'குரோ'. ககரமும் ரகரமும் சேர்ந்த இடமெல்லாம் தமிழ் என்றால் உலகத்தில் வேறு மொழியே மிஞ்சாது. இந்த மன்றத்தில் எத்தனையோ நல்ல இழைகள் இப்படித்தான் சேற்றில் இறங்கின. இதை இத்தோடு விடுவோம்.

முல்லைத்திணை

கேள்விதான் கேட்டேன், அடிக்க வராதீர்கள் அண்ணா.

பழைய பாரசீகப் பாதை

தெஹ்ரானில் வாகன உதிரிபாக வியாபாரத்தில் இருந்தவன் நான். ரஷ்யக் கொட்டிலை விட்டுவிட்டு ஈரானியப் பட்டறைக்கு வாருங்கள்.

தெஹ்ரானில் எந்த உதிரிபாகக் கடை வாசலிலும் 'லவாசெமே யதகி' என்று பலகை தொங்கும். 'யதகி' என்றால் மாற்றுக்கு உரியது. மூலம் துருக்கிய 'யெதெக்': வீரன் ஒரு குதிரைமேல் போகும்போது களைத்தால் மாறி ஏறிக்கொள்ளக் கயிற்றில் பிடித்து நடத்திவரும் இன்னொரு குதிரை. துருக்கியத்தில் கையில் பிடித்து நடத்துவதற்கான வினையிலிருந்து பிறந்தது. பழுதான காரை இழுத்துப் போகும் வண்டிக்குப் பாரசீகத்தில் 'யதக்கெஷ்'. கயிற்றில் கட்டி இழுக்கிறது அல்லவா, அந்தக் குதிரை இன்னும் சாகவில்லை.

அடுத்த கடை 'ஜெலோபந்தி' பட்டறை. காரின் முன்பக்க அச்சு, தாங்கிகள் எல்லாம் சரிபார்க்கும் இடம். 'ஜெலோ' என்றால் முன்னால். வாடகைக் காரில் ஏறினால் பின்னாலிருப்பவர் "ஜெலோ, ஜெலோ" என்பார். இன்னும் கொஞ்சம் முன்னே போ என்று பொருள். இந்தச் சொல் ஆதியில் கடிவாள வார். மங்கோலியத்தில் 'ஜிலுகா', துருக்கிய மொழிகளிலும் அதன் உறவுகள் உண்டு. எசமானின் குதிரையைக் கடிவாளம் பிடித்து நடத்துகிறவன் ஜெலோதார். அவன் நடப்பது முன்னால். கடிவாளமே 'முன்' ஆகிவிட்டது. கெர்ஹார்ட் டோர்ஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் பாரசீகத்தில் உள்ள துருக்கிய, மங்கோலியச் சொற்களை 1963 முதல் 1975 வரை நான்கு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அதைப் புரட்டினால் குதிரையும் படையும் கூடாரமும்தான் பக்கத்துக்குப் பக்கம்.

மூன்றாவது சொல் எனக்கு மிகவும் பிடித்தது. பாரசீகத்தில் கழுதைக்கு 'ஓலாக்'. தெருவில் ஒருவரை அப்படி அழைத்தால் சண்டை நிச்சயம். துருக்கியத்தில் 'உலாக்' என்பது அஞ்சல் குதிரை! அரசின் செய்தி சுமந்து ஓடுகிற, வழியில் யாரும் மறிக்க முடியாத குதிரை.

செவ்வந்திக்காடு

அரசனின் அஞ்சல் குதிரை எப்படி ஐயா கழுதையானது?

பழைய பாரசீகப் பாதை

மங்கோலியர் ஆட்சியில் உலாக் என்றால் ஊர்க்காரன் கொடுத்தே ஆக வேண்டிய சவாரி விலங்கு. தூதர்கள் என்ற பெயரில் வருகிறவனெல்லாம் வழிப்போக்கன், வியாபாரி, மதகுரு என்று பார்க்காமல் யாருடைய விலங்கையும் பிடுங்கிக்கொண்டு போனதை அக்கால வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் மனம் நொந்து எழுதியிருக்கிறார். 1295 முதல் 1304 வரை ஈரானை ஆண்ட மங்கோலிய அரசன் கஸான் கான் அந்தக் கொடுமைக்குக் கடிவாளம் போட்டதாகவும் அவரே எழுதுகிறார். அவர் அந்த அரசனின் அமைச்சர் என்பதால் புகழ்ச்சியைச் சற்றுக் கழித்துப் படியுங்கள். ஆனால் பிடுங்கியது பொய்யல்ல. கையில் கிடைத்த விலங்கையெல்லாம் 'உலாக்' என்று இழுத்துப் போனால், கடைசியில் அந்தப் பெயர் ஏழை வீட்டில் எப்போதும் நிற்கிற விலங்கின்மேல் தங்குவதில் என்ன வியப்பு?

திபெத்தில் இன்னும் தெளிவு. அங்கே 'உலக்' என்றால் விலங்கே இல்லை. அதிகாரிகளின் பயணத்துக்கு ஊரார் கூலியில்லாமல் ஆளும் மாடும் குதிரையும் கொடுத்து ஊழியம் செய்யும் கட்டாயம். துருக்கியில் 'உலாக்' இன்றும் கௌரவமான சொல், தூதன். ஒரே அஞ்சல் சாலையில் ஏறிப் போனவன் மொழியில் தூதன், கொடுத்தவன் மொழியில் வெட்டி ஊழியம்.

நிகண்டுப்பித்தன்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இரவல் வாங்கிய சொல், "எங்களிடம் குதிரை இல்லை" என்பதற்குச் சாட்சி இல்லை. எந்த வாசல் வழியாகக் குதிரை வந்தது என்பதற்குத்தான் சாட்சி. சந்தை வழியா, அரண்மனை வழியா, அஞ்சல் சாலை வழியா, கொள்ளை வழியா. கவனித்துப் பாருங்கள், 'ஆத்' என்ற அடிப்படைச் சொல்லை ரஷ்யனும் வாங்கவில்லை, பாரசீகனும் வாங்கவில்லை. வாங்கியதெல்லாம் வகைப்பெயர்: விதையடித்தது, மாற்றுக்குதிரை, நிறம், மந்தை. ரஷ்யத்தில் குதிரை மந்தைக்குத் 'தபூன்', ஈரானில் 'ஈல்கி', இரண்டும் துருக்கியம். இவை தரகரும் மேய்ப்பரும் பேசுகிற சொற்கள்.

பெஷ்ட் கரை

ஹங்கேரியில் வசிக்கிறேன். 'வாசல்' கருத்துக்கு இங்கிருந்து ஆதரவும் உண்டு, ஒரு முட்டுக்கட்டையும் உண்டு.

ஆதரவு: ஹங்கேரியர் 9ஆம் நூற்றாண்டில் இங்கே வருவதற்கு முன் துருக்கிய இனங்களோடு நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியவர்கள். துருக்கிய இரவல்கள் இவர்கள் மொழியில் மலிந்து கிடக்கின்றன. எருது 'ஓகோர்', கன்று 'போர்யூ', வாற்கோதுமை 'ஆர்ப்பா', ஆப்பிள் 'அல்மா', எல்லாம் துருக்கியம். ஆனால் குதிரைக்குப் பெயர் 'லோ'. சேணம் 'ஞெரெக்'. கடிவாளம் 'ஃபேக்'. மூன்றும் சைபீரியாவின் மான்சி, கான்ட்டி மொழிகளோடு உறவுள்ள பழைய உக்ரியச் சொற்கள். இரண்டு வயதுக் குதிரைக்கு இங்கே 'இரண்டாம் புல்' என்று பெயர். இரண்டு வசந்தம் மேய்ந்தது. இதுவும் அந்த உக்ரியப் பழமைதான். (லோவையும் லோஷத்தையும் யாரும் முடிச்சுப் போட வேண்டாம், முல்லைத்திணை கேட்கட்டும்.) அதாவது துருக்கியரோடு இத்தனை நெருக்கம் இருந்தும் குதிரை அகராதியின் நடுப்பகுதி அசையவில்லை. விளிம்பில்தான் வரவு: கால்தளை 'பேக்யோ', தலைக்கயிறு 'கந்தார்'.

முட்டுக்கட்டை: ரஷ்யனுக்கும் அப்படியே நடுச்சொல் இருந்தது. ஆனால் அவன் லோஷத்தை விளிம்பில் நிறுத்தாமல் நடுவே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டானே? வாசலைச் சொன்னால் போதுமா?

நிகண்டுப்பித்தன்

போதாது. வாசலில் நுழைந்த பிறகு வீட்டுக்குள் எங்கே போகிறது என்பது உள்ளூர்க் காரணம். ரஷ்யாவில் எண்ணிக்கையில் பெருகியது உழவுக்குதிரை. வரி கட்டுவது, விற்பது, திருடு போவது, வழக்குக்கு வருவது எல்லாம் அதுதான். நோகாய் துருக்கியர் ஆயிரக்கணக்கில் புல்வெளிக் குதிரைகளை மாஸ்கோவுக்கு ஓட்டிவந்து விற்ற காலமும் உண்டு. 'நகாய்க்கா' என்ற சாட்டைக்கு அவர்கள் பெயர்தான். ஊரில் பத்தில் ஒன்பது பேர் வாயில் இருக்கிற சொல் ஜெயித்தது. இயந்திரத்தின் குதிரைத் திறனைக் கூட ரஷ்யர்கள் லோஷத்தைக் கொண்டுதான் அளக்கிறார்கள், கோனைக் கொண்டு அல்ல.

ஐயவாதி

இதுவரை வந்த எல்லா உதாரணங்களிலும் துருக்கியச் சொல் அயல் வீட்டுக்குப் போனதும் மட்டமாகிறது. ஏர்க்குதிரை, கழுதை, வெட்டி ஊழியம். பாரசீக 'யாபூ'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; மட்டக் குதிரை, மந்தபுத்திக்காரன் என்று இரண்டு வசைகளும் அதில் அடக்கம். அதனோடு தொடர்புபடுத்தப்படும் கசாக்கியரின் 'ஜபே'யோ பனியைக் குளம்பால் கிளறிப் புல் மேய்ந்து குளிர்காலத்தைத் தாண்டும் பெயர்பெற்ற இனம். எனக்கு இது வெறும் இனக்காழ்ப்பாகத் தெரிகிறது.

பெஷ்ட் கரை

எல்லா இடத்திலும் மட்டமாகவில்லை. போலந்துக்கு வாருங்கள். அங்கே 'ரூமாக்' என்றால் கவிஞர்கள் பாடும் உயர்சாதிப் புரவி. அது உக்ரைன் வழியாகப் போன துருக்கிய 'அர்கமாக்'. பொலிகுதிரைக்கு 'ஓகியெர்', கசான் மாணவி சொன்ன 'ஐகிர்' தான்.

பால்கனில் இன்னும் மேலே ஏறுகிறது. நிகண்டுப்பித்தன் ஐயா 'ஆத்' என்ற அடிப்படைச் சொல்லை ரஷ்யனும் பாரசீகனும் வாங்கவில்லை என்றார். செர்பியரும் பல்கேரியரும் வாங்கினார்கள். அவர்களுக்கு 'ஆத்' என்றால் சாதாரணக் குதிரை அல்ல, தேர்ந்த சவாரிக் குதிரை. செர்பிய வீரப் பாடல்களில் ஒவ்வொரு வீரனின் குதிரைக்கும் நிறத்தால் பெயர்: தோராத், ஜோகாத், ஆலாத். பிரித்தால் 'தோரு' (செம்பழுப்பு) ஆத், 'கோக்' (வானச் சாம்பல்) ஆத், 'ஆல்' (சிவப்பு) ஆத். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பாடல்களில் பாதி துருக்கியரை எதிர்த்துப் போரிட்ட கதைகள். லகானும் அங்கவடியும் லாயக்காரனும் கூடத் துருக்கியப் பெயரோடுதான் அந்தப் பாடல்களில் வருகின்றன.

நிகண்டுப்பித்தன்

செர்பியச் சான்று பலே. கருத்துக்கும் ஒத்துப்போகிறது. செர்பியன் பார்த்த துருக்கியன் குதிரைமேல் உட்கார்ந்த ஆண்டை. கீவ்காரன் பார்த்த துருக்கியன் சந்தையில் குதிரை விற்கிற, சமயம் வாய்த்தால் திருடுகிற அண்டை வீட்டான். ஆண்டையின் குதிரை உயர்கிறது, சந்தைக் குதிரை ஏரில் பூட்டப்படுகிறது. ஐயவாதி சொன்ன இனக்காழ்ப்பு இங்கே வேலை செய்திருந்தால் பால்கனில்தான் அதிகமாகச் செய்திருக்க வேண்டும்.

முல்லைத்திணை

இந்தியாவுக்கு வராமலே இழை முடிந்துவிடும்போல் இருக்கிறதே. வடக்கே இத்தனை துருக்கிய சுல்தான்கள் ஆண்டார்கள். நம் மொழிகளில் ஏதும் தங்கவில்லையா?

நிகண்டுப்பித்தன்

சுல்தான்களுக்கு முன்பே ஒரு தடயம் இருக்கிறது தம்பி. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரர் தம் சமஸ்கிருத நிகண்டில் குதிரைகளின் நிறப் பெயர்களை ஒரு நீண்ட வரிசையாக அடுக்குகிறார்: கோகாஹ, கோங்காஹ, வொல்லாஹ, குலாஹ... ஒன்றுக்கும் சமஸ்கிருத வேர் கிடையாது. வளைகுடாத் துறைகளிலிருந்தும் வடமேற்குத் தரைவழியாகவும் வந்த குதிரை வணிகர்களின் சந்தைச் சொற்கள் அப்படியே செய்யுளில் ஏறியிருக்கின்றன. அறிஞர்கள் அவற்றைப் பாரசீகம், அரபு, துருக்கியம் என்று பல பக்கமும் தேடியிருக்கிறார்கள்.

அதில் 'குலாஹ'வை மட்டும் உற்றுப் பாருங்கள். இலேசான மஞ்சள் உடல், முழங்கால் கறுப்பு என்று விளக்கம் தருகிறார். துருக்கியத்தில் 'குலா' என்ற நிறம் உண்டு: மஞ்சள் கலந்த மங்கல் உடல், கரிய பிடரி, கரிய வால், கரிய கால்கள். மங்கோலியரிடமும் அதே பெயர், அதே நிறம். செர்பியப் பாடல்களில் அந்தக் குதிரை 'குலாஷ்'. ஒலி மட்டும் ஒத்திருந்தால் நானும் ஐயவாதியோடு சேர்ந்து சிரித்திருப்பேன். நிறமும் கால் கறுப்பும் சேர்ந்து ஒத்துவருகிறது.

ஐயவாதி

குலாஹவுக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். அந்த 'ஆஹ' ஈறு எல்லாப் பெயரிலும் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று காட்டினால் மீதியும் உண்டு.

பழைய பாரசீகப் பாதை

முல்லைத்திணைக்கு இன்னும் இரண்டு சான்றுகள். 14ஆம் நூற்றாண்டில் கிப்சாக் புல்வெளியைக் கடந்த இப்னு பதூதா, அங்கே குதிரைகள் மிக மலிவு என்றும், வணிகர்கள் அவற்றை ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்கு ஓட்டிப் போகிறார்கள் என்றும் எழுதுகிறார். இந்தியர்கள் அவற்றைப் பந்தயத்துக்கு வாங்குவதில்லை, போரில் கவசம் பூட்டிய குதிரையின் வலுவையும் நீண்ட எட்டு வைத்து நடப்பதையும் பார்த்து வாங்குகிறார்கள் என்பது அவர் கவனிப்பு. ஓட்டக் குதிரைகள் யேமன், ஓமன், பார்ஸ் பகுதிகளிலிருந்து வந்தன, விலையும் பன்மடங்கு.

இந்தப் பிரிவினை அக்பரின் லாயத்தில் சட்டமாகவே ஆகிவிட்டது. அபுல் பஸல் ஐனி அக்பரியில் குதிரைகளை ஏழு வகையாகப் பிரித்துத் தீனிச் செலவு எழுதுகிறார். அரபுக் குதிரை தலைமாட்டில், துருக்கி நடுவில், துருக்கிக்கும் மட்ட இனத்துக்கும் பிறந்த யாபூ அதற்கும் கீழே. உள்நாட்டுக் குதிரைகளில் கடைசி, தட்டு. பழைய தமிழ் அகராதிகளில் 'தட்டுவாணி' என்று மட்டக்குதிரைக்கு ஒரு பெயர் இருக்கிறதே, அது இந்தத் தட்டுதான். இது துருக்கியம் அல்ல, இந்துஸ்தானி.

முல்லைத்திணை

அப்படியானால் தமிழில் நேரடியான துருக்கியக் குதிரைச் சொல் ஒன்றும் இல்லையா?

நிகண்டுப்பித்தன்

குதிரையில் இல்லை; துப்பாக்கியில் இருக்கிறது. அது துருக்கியம். குதிரைக்கு நமக்கு வந்த லகான், சவாரி, சவுக்கு, ஜீனி எல்லாம் பாரசீகம். பாண்டியர்களுக்குக் குதிரை வந்தது வளைகுடாவிலிருந்து கப்பலில். ஆண்டுதோறும் அதற்குக் கொட்டிய பணத்தைப் பார்த்து மார்க்கோ போலோ வாயைப் பிளந்தார். பிறகு வந்த தக்காணப் படைகளும் ஆட்சிக்குப் பாரசீகத்தைப் பேசியவை. புல்வெளித் தரகன் நம் கரைக்கு வரவேயில்லை. நாம் கொடுத்ததும் ஒன்று உண்டு: மலாய் மொழியில் சாட்டைக்குச் 'செமெத்தி'. நம் 'சம்மட்டி', சுத்தியல் அல்ல, குதிரைச் சாட்டை என்ற பழைய பொருளில்.

கசான் மாணவி

ரஷ்யத்தில் விதையடித்த குதிரைக்கு 'மெரின்' என்பார்கள். அது மங்கோலியக் குதிரைச் சொல் 'மோரின்' என்கிறார்கள். மங்கோலியருக்கு எல்லாக் குதிரையும் மோரின், ரஷ்யனுக்கு விதை போனது மட்டும் மெரின். அலாஷாவும் விதையடித்தது, மெரினும் விதையடித்தது. ஏன் ஐயா இரண்டுமே?

பழைய பாரசீகப் பாதை

விற்பனைக்கு வருகிற குதிரை எது என்று யோசியுங்கள் தங்கை. பொலிகுதிரையையும் ஈனும் பெண்குதிரைகளையும் மேய்ப்பன் எளிதில் விற்க மாட்டான், மந்தையே அதுதான். சந்தைக்கு வருவது விதையடித்த ஆண். வாங்குகிறவன் "இது என்ன?" என்று கேட்டிருப்பான். விற்கிறவன் தன் மொழியில் "குதிரை" என்றிருப்பான். வாங்கியவன் ஊரில் விதையடித்ததற்கு அதுவே பெயர்.

சிரியா, லெபனான் பக்கம் பாருங்கள். அங்கே பேச்சு அரபியில் 'க்தீஷ்' என்றால் பாரம் சுமக்கும் மட்டக்குதிரை. துருக்கிய 'இக்திஷ்' என்ற சொல்லின் பேரன். இன்றைய துருக்கியில் இக்திஷ் விதையடித்தது. பழைய பொருள் கலப்பினம்.

ஐயவாதி

கீழே போனதற்கு இன்னொரு உதாரணம். கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

பழைய பாரசீகப் பாதை

முழுக் கணக்கையும் எழுதுங்கள். 13ஆம் நூற்றாண்டில் செல்ஜூக் ஆட்சியின் கோன்யாவில் இக்திஷ் என்பது கலப்பு வழியில் வந்த நகரத்தாரின் ஒரு வகுப்பு. ஊர்க்காவலும் வரி வசூலும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. அவர்களுடைய தலைவனுக்கு 'இக்திஷ்பாஷி' என்று பதவிப் பெயர். கோட்டைக் கதவைத் திறப்பதா மூடுவதா என்கிற பேச்சுவார்த்தையில் உட்காருகிற ஆள். அதே சொல்லை அலெப்போவில் ஒருவனைப் பார்த்துச் சொன்னால் அடி விழும்.

மட்டுறுத்துநர்

மெரின், மோரின், ஜிலுகா பற்றி வந்திருக்கும் மற்ற பதிவுகளை 'மங்கோலியச் சொற்கள்' என்ற தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். குலாஹவின் ஈறு பற்றி எழுத விரும்புகிறவர்கள் இங்கேயே தொடரலாம். காரி பற்றி எழுத விரும்புகிறவர்கள் தயவுசெய்து எங்கேயும் தொடர வேண்டாம்.